பிரண்டை வளர்த்த இரண்டு விரற்கடை

என் அத்தை மகன் வளர்ந்துவிட்டதாக அவனை நான் நம்பவைத்தேன். அவன் வளரவில்லை. அவன் நின்ற தரையைத்தான் நான் உயர்த்தினேன். விளையாட்டாகத் தொடங்கியது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. தொடங்கிய முதல் நாளிலேயே அவனுக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். வலிக்கட்டும் என்றுதான் தொடங்கினேன்.

எங்கள் ஊர் ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே, ஒரு கண்மாயை நம்பிப் பிழைத்த சின்ன ஊர். அப்பாவின் தங்கை, கணவன் செத்தபிறகு கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். வந்த நாள் முதல் அடுப்படியும் மாட்டுக்கொட்டிலும் அவள் பொறுப்பு. அந்தக் குழந்தைதான் என் மச்சான். என்னைவிட ஒரு வயது மூத்தவன். திண்ணைப் பள்ளிக்கூடத்தோடு அவன் படிப்பு நின்றது. மாடு, வயல், வைக்கோல் என்று அவன் நாள் போயிற்று. நான் புதுக்கோட்டையில் விடுதியில் தங்கி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தேன். விடுமுறையில் நான் கொண்டுவரும் வட்டிக் கணக்குகளை, மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அவன் வாயால் போட்டுச் சொல்லிவிடுவான்.

அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒருமுறை விருந்தாளிகள் முன்னால் சொன்னார்: “படிக்க அனுப்புனது ஒண்ணு, படிப்பு வந்தது இன்னொண்ணு.” எல்லாரும் சிரித்தார்கள். மச்சானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

அவன் குள்ளம். அவனுக்கு ‘ஒழக்கு’ என்று பட்டம் வைத்தவன் நான். நெல் அளக்கிற படிக்கு முன்னால் கால்படி உழக்கு எப்படி நிற்குமோ, அப்படி என் பக்கத்தில் அவன் நிற்பதாக ஊர்ப் பிள்ளைகளிடம் சொன்னேன். ஒரே வாரத்தில் ஆடு மேய்க்கிற பொடியன்கூட, “எலே, ஒழக்கு வாரான், அளந்து போடுங்கடா” என்று கத்தினான்.

நான் பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருந்த கோடைக்காலம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊரில் போலீஸ்காரர் ஒருவர் இருந்தார். ஆடி கழிந்ததும் ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று மச்சானிடம் சொன்னவர் அவர்தான். வேலை கிடைத்தால் போலீஸ்காரர்கள் குடியிருக்கும் லயனில் ஒரு வீடும் கிடைக்கும். ஆத்தாளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். மச்சான் போலீஸ் ஆக ஆசைப்பட்டதற்கு வேறு காரணமே கிடையாது. அவன் ஆத்தாள் வேறொருத்தி வீட்டு அடுப்பை ஊதக்கூடாது, அவ்வளவுதான். போலீஸ்காரர் அவனைத் தன் தோளோடு சேர்த்து நிறுத்திப் பார்த்துவிட்டு, “ரெண்டு வெரக்கடை பத்தாதேடா” என்று இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

அன்று சாயங்காலம் அவன் என்னிடம் வந்தான். அதற்கு முந்தின வருஷம் பனையிலிருந்து விழுந்து அவன் மணிக்கட்டு உடைந்திருந்தது. கட்டுப்போடுகிறவர் பிரண்டையை இடித்துச் சாறெடுத்து, புளியும் உப்பும் சேர்த்துக் காய்ச்சிப் பற்றுப் போட்டார். எலும்பு கூடிவிட்டது.

“மாப்ளே, ஒடஞ்ச எலும்பை ஒட்டவைக்கிற சாறு, எலும்பை நீட்டிவிடாதா? ஒங்க புஸ்தகத்துல ஏதும் போட்டிருக்கா?”

“போட்டிருக்கே” என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொல்லிற்று. “இளவட்டமா இருக்கையில குடிச்சா எலும்பு நீளும். ஆனா பச்சையாக் குடிக்கணும் மச்சான். புளி, உப்பு, நெருப்பு எதுவும் படக்கூடாது. பட்டா சத்து செத்துப்போகும்.”

பிரண்டையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வேலிகளில் படரும் நாலு பட்டைக் கொடி. துவையலுக்கு ஒடிக்கும்போதே பெண்கள் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்வார்கள். இல்லையென்றால் விரல் முழுக்க நமைச்சல் எடுக்கும். கொழுந்தாகப் பார்த்து, நாரை உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி வைத்து அரைத்தால்தான் நாக்கு தாங்கும். பச்சைச் சாறு தொண்டையில் ஆயிரம் முள்ளைப் போல இறங்கும். இது எங்கள் பக்கத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். மச்சானுக்கும் தெரியும். ஆனால் நான் புஸ்தகம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் விடியலில் வேலியோரம் நின்று அரை டம்ளர் குடித்தான். குடித்ததும் உட்கார்ந்துவிட்டான். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. தேங்காய் நாரை எடுத்து நாக்கை வழித்தான். பேச முயன்றான், ஆடு இருமுவது போலச் சத்தம் வந்தது.

“அரிக்குதா?” என்றேன்.

தலையை ஆட்டினான்.

“அரிச்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

அதற்கும் தலையை ஆட்டினான்.

நெல் குதிர் இருந்த அறையின் நடுவே ஒரு மரத்தூண் உண்டு. அதன் அடிக்கல் எப்போதோ மண்தரைக்குள் புதைந்துபோயிருந்தது. அந்தத் தூணில் சாய்ந்து நின்று உயரத்தைக் குறிக்கலாம் என்றான். நான் கரிக்கட்டியை எடுத்தேன். அவன் வேண்டாம் என்றான். “கரி அழிஞ்சுபோகும் மாப்ளே. அப்பறம் நாமளே ஏமாந்துக்குவோம்.” அரிவாள் நுனியால் தலைமட்டத்தில் ஒரு வெட்டுப் போடச் சொன்னான். போட்டேன்.

சில வாரங்கள் குடித்தபிறகு அளந்தோம். அதே வெட்டில் நின்றான். என் முதல் திட்டம் அதுவரைதான். அந்த இடத்தில் சிரித்துவிட்டு, ஊருக்கும் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு விட்டுவிடுவது. ஆனால் மச்சான் தொண்டையைத் தடவிக்கொண்டு, “நமக்கு ஆகாது போல இருக்கு. கட்டுமாவடிக் கருவாட்டு ஏவாரி கணக்குப் பாக்க ஆள் கேட்டாரு. உப்புக் கிட்டங்கியோரம் ஒரு வீடு தாராராம். ஆத்தாளக் கூட்டிக்கிட்டு அங்கிட்டுப் போயிரலாம்னு பாக்குறேன்” என்றான்.

அவனுக்கு நல்ல வழி ஒன்று இருப்பதும், அது அவனுடைய கணக்கு மூளையால் கிடைத்திருப்பதும் எனக்குப் பொறுக்கவில்லை.

“அவசரப்படாதே மச்சான். எலும்பு உள்ளுக்குள்ள மொதல்ல எளகும். பெறகுதான் நீளும். இன்னொரு வாரம் பாரு” என்றேன்.

வெள்ளிக்கிழமை தோறும் அத்தை அந்த அறையைச் சாணி போட்டு மெழுகுவாள். வியாழக்கிழமை மாலை அவள் கண்மாய்க்குத் தண்ணீருக்குப் போனதும், நான் கரையிலிருந்து கொண்டுவந்த களிமண்ணைக் குழைத்துத் தூணடியில் பூசினேன். தூணருகே சற்றுக் கனமாக, தள்ளிப் போகப்போக மெல்லியதாக, மேடு கண்ணுக்குத் தெரியாதபடி இழுத்துவிட்டேன். அன்றுவரை மண்வேலை எதுவும் செய்தறியாதவன் நான். அந்தப் பூச்சை அவ்வளவு கவனமாகச் செய்தேன். அத்தை விடியலில் வந்து அதன்மேல் மெழுகினாள். அவள் கை பட்டதும் அது தரையாகிவிட்டது.

மறுநாள் அளந்தோம். அவன் தலைமட்டம் பழைய வெட்டுக்கு ஒரு நூல் அளவு மேலே இருந்தது, அங்கே புது வெட்டுப் போட்டேன். மச்சான் திரும்பிப் பார்த்தான். விரலால் தடவிப் பார்த்தான். பிறகு அறையைவிட்டு ஓடி, “ஆத்தா! ஆத்தா, இங்கிட்டு வா!” என்று கத்தினான். அத்தை ஈரக் கையோடு வந்து பார்த்தாள். மகனுக்குத் திருஷ்டி வழித்து நெட்டி முறித்தாள். பிறகு எனக்கும் வழித்து முறித்தாள். “படிச்ச புள்ளை சொன்னா சும்மாவா? நீ நல்லா இருக்கணும் மருமகனே” என்றாள்.

அதன்பிறகு வாரந்தோறும் மண் பூசினேன். வெட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. கருவாட்டு வியாபாரி ஆள் அனுப்பிக் கேட்டார். “போலீஸுக்குப் போறேன், வேற ஆளப் பாத்துக்கங்க” என்று சொல்லியனுப்பினான் மச்சான். அவர் வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

இதற்குள் அவனுக்குச் சோறு இறங்காமல் போயிற்று. வாயெல்லாம் புண். நீராகாரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவான். விலா எலும்பு தெரிந்தது. அத்தை ஒருநாள் என்னைத் தனியாகப் பிடித்தாள்.

“சாறைக் கொஞ்சம் கொறச்சுக் குடிச்சா ஆகாதா மருமகனே? எம்புள்ளை ரவைக்கு எச்சி முழுங்க முடியாமக் கெடக்குறான்.”

“இப்ப நிறுத்துனா வளந்ததும் சுருங்கிப்போகும் அயித்தை” என்றேன்.

அவள் பயந்துபோனாள். மறுநாள் முதல் அவளே இடித்துப் பிழிந்து கொடுக்கத் தொடங்கினாள்.

வீட்டிலும் பேச்சு மாறியது. அதுவரை எதிர்த்துப் பேசியறியாத அத்தை, அம்மா ஏதோ சொன்னதற்கு, “இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் மதினி. பெறகு ஒங்க அடுப்பை நீங்களே ஊதிக்கங்க” என்று சொல்லிவிட்டாள். அம்மா அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

ஆள் எடுக்கிற நாள் காலையில் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனோம். என் சட்டை ஒன்றை மச்சானுக்குக் கொடுத்திருந்தேன். நான் எதற்குப் போனேன் என்று கேட்டால், பார்க்கத்தான் போனேன். மைதானத்தில் வரிசை நீளமாக இருந்தது. ஒரு கட்டையில் கோடு போட்டு, மேலே குறுக்குச் சட்டம் வைத்த அளவுகோல். ஒவ்வொருவராக அதன்கீழ் நின்றார்கள். மச்சான் நின்றான். சட்டத்துக்கும் அவன் தலைக்கும் நடுவில் காற்று இருந்தது.

அளந்தவர் அந்த இடைவெளியில் இரண்டு விரலை விட்டு ஆட்டிக் காட்டினார். “இங்க பாருங்கய்யா, காத்தோட்டமா இருக்கு.” வரிசை சிரித்தது. மார்பைச் சுற்றி நாடாவைப் போட்டார். “ஒசரமும் இல்ல, மாரும் இல்ல. யார்ரா ஒன்ன அனுப்புனது? அடுத்த தடவை ஏணியோட வா.”

“ஐயா, கோலு தப்புங்கய்யா” என்றான் மச்சான். தொண்டை போயிருந்ததால் கிறீச்சென்று வந்தது குரல். “வீட்டுல அளந்துட்டுத்தான் வாரேன். ரெண்டு வெரக்கடை வளந்துட்டேங்கய்யா.”

“வளந்துட்டியா? எப்ப, வர்ற வழியிலயா?”

பின்னால் நின்றவன் எவனோ, “தண்ணி ஊத்துனாங்களாம்யா” என்றான். மைதானமே சிரித்தது. மச்சான் கூட்டத்தில் என்னைத் தேடினான். “மாப்ளே, வந்து சொல்லு மாப்ளே. நீதானே அளந்தே!” நான் துண்டால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்கத்தான்.

வெளியே வந்ததும், “கோலு தப்புதானே?” என்று கேட்டான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். “தப்புத்தான் மச்சான். அவுங்களுக்கு வேண்டிய ஆளுக்கு ஒரு கோலு, நமக்கு ஒரு கோலு” என்றேன். அளந்தவர் வாய்க்கொழுப்பு உள்ளவர்தான். ஆனால் கோல் நேர்மையானது. வீட்டுக்கு வந்ததும் மச்சான் குதிர் அறைக்குப் போய்த் தூணில் சாய்ந்து நின்றான். தலை கடைசி வெட்டைத் தொட்டது. அவனுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அம்மா சொன்னாள்: “போலீஸ்காரரோட ஆத்தாளுக்கு மொதல்ல எலையப் போடுங்க. லயனுக்குப் போறவுக.” அத்தை அடுப்பண்டை போய் உட்கார்ந்தாள். அந்தப் பேச்சு அன்றோடு நிற்கவில்லை. விறகு ஈரமாக இருந்தாலும், பால் திரிந்தாலும், “லயன் வீட்டுக்கு இதெல்லாம் போதும்” என்பாள் அம்மா. வருஷக்கணக்கில் அத்தை அதைக் கேட்டுக்கொண்டு எங்களுக்குச் சமைத்தாள்.

நான் பள்ளி இறுதித் தேர்வில் தேறினேன். இன்டர்மீடியட் முடித்து, சென்னைக்குப் போய் மருத்துவம் படித்தேன். இளம் வயதில் எலும்பின் நுனிகளில் குருத்தெலும்பு இருக்கிறது, வளர்ச்சி அங்கேதான் நடக்கிறது, அது இறுகிவிட்டால் எந்தச் சாறும் நீட்டாது என்று அங்கே படித்தேன். பிரண்டையை நான் இகழவில்லை. எலும்பு கூடுவதற்கு அது உதவுகிறது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். வளர்கிற பிள்ளைகளுக்கும் பக்குவம் செய்து சோற்றோடு கொடுத்தால் ஏதோ பலன் இருக்கலாம். சோறு வேண்டும், அதுதான் விஷயம். எங்கள் வீட்டில் பாலும் முட்டையும் நெய்யும் எனக்கு வந்தன. அந்தப் பாலைக் கறந்தவன் மச்சான். அவனுக்குக் கூழ். பாடம் படித்துக்கொண்டிருந்த ஒரு பகலில் இது எனக்கு உறைத்தது. உறைத்தும் நான் ஒன்றும் செய்யவில்லை. படித்து முடித்து, கல்யாணம் செய்துகொண்டு, அறந்தாங்கியில் தொழில் தொடங்கினேன்.

மச்சான் அதற்குள் கல்யாணமாகி, அத்தையைக் கூட்டிக்கொண்டு தெற்கே ஒரு மானாவாரி ஊருக்குக் குத்தகைக்குப் போய்விட்டான். நாடு விடுதலை பெற்று ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஒருநாள் அத்தை ஒரு பையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் வைத்தியசாலைக்கு வந்தாள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். ஏழு வயது போல இருந்தான். உதடு தடித்து, நாக்கு வாய்க்குள் அடங்காமல் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது.

“பேராண்டிக்குப் பெரண்டைச் சாறு கொடுத்தோம் மருமகனே. ஒத்துக்கல.”

“பச்சையாவா அயித்தை? ஏன் கொடுத்தீங்க?”

அவள் என்னை வியப்போடு பார்த்தாள். “நீதானே சொன்னே? புளி படக்கூடாதுன்னு. அவுக அப்பனுக்கு வேலை செஞ்சுச்சுல்ல. ரெண்டு வெரக்கடை வளந்தான்ல. அந்தக் கோலுக்காரப் பாவிதானே கெடுத்தான். இவனாச்சும் வளரட்டும்னு ஒம்மச்சான் தெனம் ஊத்துறான்.”

மருந்து கொடுத்து, மோரும் வெண்ணெயும் கொடுக்கச் சொல்லிப் பையனைப் படுக்கவைத்தேன். மறுநாள் வீக்கம் வடிந்ததும் நானே வண்டி பிடித்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். சொல்லாவிட்டால் அந்தப் பையன் மறுபடியும் குடிப்பான். அந்தக் காரணம் இல்லாவிட்டால் நான் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

மச்சான் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். “வாங்க மாப்ளே!” என்று எழுந்து கயிற்றுக்கட்டிலைத் தட்டிப் போட்டான். அத்தை, அவன் மனைவி, பையன் எல்லாரும் இருந்தார்கள். நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். புஸ்தகத்தில் அப்படி எதுவும் இல்லை என்றேன். களிமண்ணைப் பற்றிச் சொன்னேன். வியாழக்கிழமைகளைப் பற்றிச் சொன்னேன்.

மச்சான் மறுபடி உட்கார்ந்து கயிற்றைத் திரிக்கத் தொடங்கினான். பிறகு ஒன்றுதான் கேட்டான். “அப்ப, அந்த மைதானத்துக் கோலு?”

“சரியான கோலு, மச்சான்.”

அதுவரை இத்தனை வருஷமாக அவன் எல்லாரிடமும் அந்தக் கதையைச் சொல்லி வந்திருக்கிறான். நான் உயரந்தான், கோல்தான் கள்ளக்கோல் என்று. அவனிடம் மிஞ்சியிருந்த பெருமை அது ஒன்றுதான் என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பையன் நிமிர்ந்து பார்த்து, இன்னும் சரியாகப் புரளாத நாக்கோடு, “அப்ப நீங்க வளரவே இல்லையாப்பா?” என்று கேட்டான். மச்சான் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவள் கெட்டவள் இல்லை. எத்தனையோ தடவை கேட்ட கதை. வாயில் சேலையை வைத்து அடக்கினாள். ஆனால் மச்சான் பார்த்துவிட்டான்.

அத்தை மட்டும், “நான்ல மெழுகுனேன்” என்றாள். இரண்டு முறை சொன்னாள்.

மன்னிக்கச் சொன்னேன். பையனை என்னோடு அனுப்பும்படி கேட்டேன். பாலும் சோறும் குறையில்லாமல் கொடுத்து, கடைசிவரை படிக்கவைப்பதாகச் சொன்னேன்.

மச்சான் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். என்னைப் பார்த்துப் பேசினான், ஆனால் மாப்ளே என்று கூப்பிடவில்லை. “எதுக்குங்க டாக்டர்? ஒங்க வீட்டுத் தூணுல நிக்கவச்சு அளக்கவா?” பிறகு வண்டிக்காரரிடம், “மாட்டைப் பூட்டுங்க. டாக்டர் கெளம்புறாரு” என்றான்.

பையனுக்குச் சாறு கொடுப்பதை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். நான் செய்ததில் நல்லது என்று அந்த ஒன்றைத்தான் சொல்ல முடியும். ஆனால் ஊரில் கதை பரவிவிட்டது. இளவட்டங்கள் மச்சானைப் பார்த்து, “மேட்டுல ஏறி நில்லுங்கண்ணே, பேசணும்” என்று சொல்வார்களாம். அவன் சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த கோடையில் என்னிடம் வைத்தியத்துக்கு வந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் பேச்சுவாக்கில், “ஒங்க அயித்தை சாவுக்கு ஒங்களக் காணமே?” என்றார். அத்தை செத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருத்தி இறந்தால் பிறந்த வீட்டுக்குத்தான் முதலில் கேதம் சொல்லி விடுவார்கள். பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்தாமல் உடலை எடுப்பதில்லை. அப்பா அப்போது உயிரோடு இல்லை. கோடி போடவேண்டியவன் நான். எனக்குக் கேதம் வரவில்லை.

கடைத்தெருவில் ஒரு சேலை எடுத்துக்கொண்டு போனேன். மச்சான் தலை மொட்டையாக இருந்தது. என்னை உட்காரச் சொல்லவில்லை.

“ஏன் சொல்லி விடல மச்சான்? கோடி இல்லாமலா எடுத்தீங்க?”

“கோடி இல்லாமத்தான் எடுத்தோம்” என்றான். “பொறந்த வீட்டுச் சீலை எம்மேல படக்கூடாதுன்னு ஆத்தாளே சொல்லிட்டுத்தான் செத்தா. நாலு பேரு கேக்கத்தான் சொன்னா. வேணும்னா விசாரிச்சுக்கங்க.”

நான் விசாரிக்கவில்லை. சேலையை வாசலில் வைக்கக் குனிந்தேன். “அத இங்க வைக்காதீங்க” என்றான். எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து நல்லதுக்கும் சொல்லி வரவில்லை, கெட்டதுக்கும் சொல்லி வரவில்லை.